மாடிப்படிக்கு ரன்னர்: 950 டொலர் என்றவர்கள் 1,692 கேட்ட கதையும் கணக்கும்

ரொறன்ரோ பக்கம் வீடு வாங்கும் நம்மாட்கள் பலர் செய்கிற முதல் வேலை, மாடிப்படியில் கிடக்கும் பழைய கார்பெட்டைக் கிழித்து எறிவதுதான். பிறகு ஓக் மரப் படியைத் தேய்த்து வார்னிஷ் அடித்து, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவோம். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். குளிர் தொடங்கி எல்லோரும் சொக்ஸ் போட்டுக்கொண்டு நடமாட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பளபளப்பின் விலை தெரியும். எங்கள் வீட்டில் சறுக்கியது அம்மா. கீழிருந்து நாலாவது படி, கையில் தேத்தண்ணிக் கோப்பை. நல்ல காலம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் இடுப்பில் ஒரு கண்டலோடு போனது. அன்றிரவே ரன்னர் போடுவது என்று முடிவாகிவிட்டது.

ரன்னர் என்றால் தெரியாதவர்களுக்கு: படியின் நடுவில் மட்டும், மேலிருந்து கீழ்வரை ஒரே பட்டையாக இறங்கும் கார்பெட். இரண்டு பக்கமும் மரம் தெரியும். முழுப் படியையும் மூடுகிற கார்பெட்டைவிடப் பரப்பு குறைவு, ஆனால் விளிம்பு தைக்க வேண்டியிருப்பதால் செலவு நினைத்த அளவுக்குக் குறையாது. என் அனுபவத்தில் கார்பெட்டின் விலையை விட, அதைச் சுற்றி வரும் சின்னச் சின்னக் கணக்குகள்தான் பர்ஸைக் காலி பண்ணும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் செய்ய வேண்டிய வேலையில் இருந்து தொடங்குகிறேன்.

கார்பெட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது

உங்கள் படியில் இன்னும் பழைய கார்பெட் இருந்தால் ஒரு குறடை எடுத்து, மேல் படியின் ஓரத்தில் ஒரு மூலையை மட்டும் மெல்ல உயர்த்திப் பாருங்கள். கீழே ஓக் இருந்தால் அதிர்ஷ்டம். பல வீடுகளில், அதுவும் கார்பெட் போடுவதற்கென்றே கட்டிய படிகளில், கீழே இருப்பது ஒட்டுப்பலகையோ சாதாரணப் பைன் பலகையோதான். கார்பெட் மூடிவிடும் என்று தெரிந்தே போட்ட பலகை, ஆணியும் பசையும் பெயின்ட் சொட்டுமாக இருக்கும். ரன்னர் போட்டால் இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் அந்த அழகு வெளியே தெரியும்.

என் சித்தப்பா மகன் ஒருவர் இதைப் பார்க்காமலே ரன்னரை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, பழையதைக் கிழித்த அன்றுதான் தலையில் கை வைத்தார். படிக்கு மேல் மரம் போர்த்தவும் பெயின்ட் அடிக்கவும் போன காசு ரன்னரை விடப் பல மடங்கு. கீழே மட்டமான பலகை என்றால் ஒன்றில் பெயின்ட் அடிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், இல்லையென்றால் ரன்னர் ஆசையை விட்டுவிட்டு முழுக் கார்பெட்டே போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதோடு நிறுத்தலாம். ரன்னரை ஸ்டேப்பிள் அடித்துத்தான் இறுக்குவார்கள், மரத்தில் ஓட்டை விழும், வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தராமல் அதில் கை வைக்காதீர்கள்.

அளவு: தையல் டேப் போதும்

இரும்பு டேப் படியின் மூக்கில், அதாவது மிதிக்கும் பலகையின் முன்விளிம்பில், வளையாது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படியின் உள்மூலையில் டேப்பின் நுனியை வைத்து, மிதிக்கும் பலகைமேல் கொண்டுவந்து, மூக்கைச் சுற்றி, அப்படியே முகப்பில் இறக்கி, கீழ்ப்படி தொடங்கும் மூலைவரை அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது 19.5 அங்குலம்.

அடுத்தது படிகளை எண்ணுவது. மிதிக்கும் பலகைகளை எண்ணாமல் நிமிர்ந்து நிற்கும் முகப்புகளை எண்ணுங்கள், பொருத்துபவர்களில் பலர் அப்படித்தான் எண்ணுவார்கள். எங்களுக்கு 14. ஆக, 14 × 19.5 = 273 அங்குலம், அதாவது 22 அடி 9 அங்குலம். வெட்டில் போகிறதுக்கும் சேர்த்து 25 அடி என்று வைத்துக்கொண்டேன். பூ வேலைப்பாடோ கட்டமோ உள்ள டிசைன் என்றால் பொருத்திப் பார்த்து வெட்ட வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும்.

அகலத்தையும் பாருங்கள். படி 36 அங்குலம், ரன்னர் 27 அங்குலம் என்றால் பக்கத்துக்கு 4.5 அங்குலம் மரம் தெரியும். 27 என்பது ஏதோ எழுந்தமானமாக வந்த எண் அல்ல, பழைய கார்பெட் தறிகளின் அகலமான முக்கால் யார். இன்றைக்கும் ஆயத்தமாக வரும் ரன்னர்களில் இந்த அளவு சாதாரணமாகக் கிடைக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில், அகலமானது கிடைத்தால் 30 அங்குலம் போடுங்கள் என்றுதான் சொல்வேன். அவர்கள் கைப்பிடி ஓரமாகவே இறங்குவார்கள், ரன்னர் ஒடுங்கலாக இருந்தால் பாதம் பாதி கார்பெட்டிலும் பாதி வழுக்கும் மரத்திலும் விழும்.

எங்கள் படி நேரானது இல்லை, நடுவில் ஒரு சதுரத் தளம் வந்து ‘ட’ மாதிரித் திரும்பும். அந்த லேண்டிங்குக்குத் தனியாக 6 அடி. முக்கோணமாக விசிறி போல வளையும் படிகள் உள்ள வீடு என்றால் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக வெட்டித் தைக்க வேண்டியிருக்கும், கூலி ஏறும். படியை நாலு பக்கமிருந்தும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், வாயால் விளக்கினால் யாருக்கும் விளங்காது.

எந்தக் கார்பெட்

கம்பளி நன்றாக உழைக்கும், மிதித்து அமுங்கினாலும் மீண்டு வரும், விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் நம் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை: மஞ்சளும் கம்பளியும் பரம நண்பர்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் சாயம் போடவே பயன்பட்ட பொருள் மஞ்சள். குழம்புச் சட்டியோடு படியேறும் பழக்கம் உள்ள வீட்டில் வெளிர் நிறக் கம்பளி ரன்னர் போட்டால், போட்டவர்தான் கவலைப்பட வேண்டும். பிளீச் ஊற்றிச் சரிபண்ணப் பார்த்தால் கம்பளியே கரையும்.

செயற்கை இழைகளில் படிக்கு நைலான்தான் என் தெரிவு. பாலியெஸ்டர் தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் ஆட்கள் அதிகம் ஏறி இறங்கும் படியில் சீக்கிரமே படுத்துவிடும். பாலிப்ரொப்பிலீன் மலிவு, தண்ணீர்க் கறை பிடிக்காது, ஆனால் எண்ணெயை விடாது. குளித்துவிட்டுக் காலில் தேங்காய் எண்ணெய் தடவும் ஆட்கள் வீட்டில் இருந்தால் நடுவில் ஒரு கறுத்த பாதை விழுவதைப் பார்ப்பீர்கள். சைசல் நார் பார்க்க அழகு, சொக்ஸ் காலுக்கு வழுக்கும், தண்ணீர் பட்டால் அடையாளம் நிற்கும். வளையம் வளையமாக நெய்த வகை, பூனை வளர்ப்பவர்களுக்கு வேண்டாம், ஒரு வளையம் நகத்தில் மாட்டினால் வரிசையாகப் பிரிந்து வரும்.

கடையில் செய்து பார்க்க ஒரு சோதனை. மாதிரித் துண்டை மேசை விளிம்பில் மடக்கிப் பிடியுங்கள். இழைகள் விரிந்து அடித்துணி பல்லைக் காட்டினால் அது அடர்த்தி குறைந்த கார்பெட். உங்கள் படியின் ஒவ்வொரு மூக்கிலும் அதே மடிப்புத்தான் வரப்போகிறது.

விலை கேட்ட கதை

நான் முதலில் போனில் கேட்ட கடையில் சொன்னது 950 டொலர். "கார்பெட்டும் கூலியும் எல்லாம் சேர்த்துத்தான் தம்பி" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. நேரில் போய், "அண்ணை, எல்லாம் என்றால் எதெல்லாம்?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அவர் எழுத எழுத எனக்கு வியர்த்தது.

விளிம்பு தைக்க அடிக்கு 4 டொலர். ரன்னர் 25 அடி, இரண்டு பக்கமும் என்றால் 50 அடி, லேண்டிங்கின் 6 அடிக்கு இன்னும் 12, மொத்தம் 62 அடி, 248 டொலர். கீழே விரிக்கும் அண்டர்பேட் 90. லேண்டிங்கைத் திருப்பி வெட்டித் தைக்க 150. "வந்து போகிற செலவு" என்று 60. இத்தனையும் சேர்ந்து 1,498. அதற்கு மேல் ஒன்ராறியோவின் 13 சதவீத விற்பனை வரியான எச்எஸ்ரி 194.74. ஆக 1,692.74.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"நீர் கேட்கேல்லையே தம்பி."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, நான் கேட்கவில்லைதான். அதனால் நீங்கள் கேளுங்கள். கார்பெட் அடிக்கு எவ்வளவு, தைப்பு அடிக்கு எவ்வளவு, அண்டர்பேட் சேர்ந்ததா, கூலி படிக்கா முழு வேலைக்கா, லேண்டிங்குக்கும் வளைவுக்கும் தனியா, பழைய கார்பெட்டைக் கழற்றி ஸ்டேப்பிள் எல்லாம் பிடுங்கிக் குப்பையில் போடுவது யார், வரி உட்படவா. இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாயில் வந்தால் போதாது, தாளில் வர வேண்டும்.

தாளில் வருவதற்குச் சட்டத்திலும் ஒரு பலன் உண்டு. ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் ஒரு மதிப்பீட்டுத் தொகை எழுதப்பட்டிருந்தால் கடைசிப் பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட முடியாது, நீங்களாகப் புதிய வேலை சேர்த்து அதற்குச் சம்மதித்தால் ஒழிய. அதே சட்டத்தில், 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் உங்கள் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கினால், எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்த பின் 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். போனில் சொன்ன 950-க்கு இதில் எதுவும் உதவாது.

"காசாகத் தந்தால் வரி வேண்டாம்" என்ற பேச்சும் வரும். வருடத்துக்கு 30,000 டொலருக்குள் தொழில் செய்யும் சிறிய ஆட்கள் எச்எஸ்ரிக்குப் பதிவு செய்யத் தேவையில்லை, அவர்கள் வரி கேட்காதது சரியே. ஆனால் ரசீதும் தரமாட்டேன் என்றால், மூன்றாம் மாதம் ரன்னர் கழன்று வரும்போது யாரிடம் போய் நிற்பீர்கள்? வரி சேர்த்து வாங்குகிறவரிடம் எச்எஸ்ரி எண்ணைக் கேளுங்கள். அது உண்மையான எண்ணா என்று கனடா வருமான முகமையின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம்.

நான் கடைசியில் செய்தது

கார்பெட் ரோல்கள் பெரும்பாலும் 12 அடி அகலத்தில் வரும். பெரிய அறைகளுக்கு வெட்டிய பின் மிஞ்சும் துண்டுகளைக் கடைகள் ஒரு மூலையில் சுருட்டி வைத்திருப்பார்கள், குறைந்த விலைக்கு. அப்படி ஒரு நைலான் துண்டு, 12 அடிக்கு 9 அடி, கடும் சாம்பல் நிறம், 220 டொலருக்குக் கிடைத்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 9 அடி என்பது 108 அங்குலம். ஐந்து படிக்கு 97.5 அங்குலம் போதும். ஆக, 27 அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டினால் 15 படிக்குச் சரி, எனக்குத் தேவை 14. மூன்று பட்டைக்கும் சேர்த்து 81 அங்குலம்தான் போகிறது, 12 அடியில் மிச்சம் 63 அங்குல அகலத் துண்டு, லேண்டிங்குக்கு அதுவே தாராளம். பட்டைகள் சேரும் மூட்டு எங்கே தெரியும் என்று கேட்பீர்கள். படியின் உள்மூலையில், பலகையும் முகப்பும் சந்திக்கும் மடிப்பில் மூட்டை வைத்தால் கண்ணுக்கே படாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கார்பெட்டுக்கு ஒரு மயிர்வாக்கு உண்டு, தடவிப் பார்த்தால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். எல்லாப் பட்டையிலும் அந்த வாக்கு கீழ்நோக்கியே இருக்க வேண்டும். மாறினால் ஒரு பட்டை வெளிறியும் மற்றது கறுத்தும் இரண்டு கார்பெட் மாதிரித் தெரியும். வெட்டும்போதே பின்பக்கத்தில் சோக்கட்டியால் அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.

விளிம்பு தைக்கிற பட்டறைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அடிக்கு 3 டொலர், 62 அடிக்கு 186. அண்டர்பேட் 80. பொருத்துபவர் படிக்கு 22 வீதம் 14 படிக்கு 308, லேண்டிங்குக்கு 100. கூட்டினால் 894, வரி 116.22, கைவிட்டுப் போனது 1,010.22 டொலர். மூன்று இடத்துக்கு அலைந்ததும் இரண்டு சனிக்கிழமைகளும் கணக்கில் இல்லை. அலைய நேரம் இல்லாதவர்கள் ஒரே கடையில் கொடுங்கள், கூடுதலாகப் போகும் சில நூறு டொலர் அந்த அலைச்சலுக்கான விலை என்று நினைத்துக்கொள்ளலாம்.

காசைக் குறைக்கக் கூடாத இடங்கள்

அண்டர்பேட்டில் ஒருவரும் நினைக்காத ஒரு விஷயம், தடிப்பானது நல்லது என்பது படிக்குப் பொருந்தாது. படுக்கையறைக்குப் போடும் தடித்த பஞ்சைப் படியில் போட்டால் மூக்கில் கால் உருளும், கார்பெட்டும் சீக்கிரம் கிழியும். படிக்குக் கால் அங்குலத்தில் இருந்து எட்டில் மூன்று அங்குலம் வரை, அமுக்கினால் அவ்வளவாக அமுங்காத கெட்டியான வகை வேண்டும். வேண்டாமே என்று விடவும் கூடாது. மரத்தின் மேல் நேராகக் கார்பெட்டை இழுத்தால் ஒவ்வொரு காலடியிலும் மூக்கு அதை அடியில் இருந்து அறுக்கும்.

பொருத்துவதில் இரண்டு முறை இருக்கிறது. மூக்கில் இருந்து அருவி மாதிரி நேராகக் கீழே விழ விடுவது ஒன்று. மூக்கின் கீழே மடித்து இறுக்கி முகப்போடு ஒட்டி இறக்குவது மற்றது, இதை இங்கே ஹாலிவுட் என்பார்கள். அருவி முறைக்குக் கூலி குறைவு, ஹாலிவுட் முறைக்குக் கொஞ்சம் கூடுதல் கார்பெட்டும் கூடுதல் நேரமும் போகும். நான் ஹாலிவுட் கேட்டேன். மூக்கு எங்கே முடிகிறது என்று கண்ணுக்கும் காலுக்கும் தெளிவாகத் தெரியும், அம்மாவுக்கு அதுதான் தேவை.

பித்தளைக் கம்பிகள் ஒவ்வொரு படிக்கும் போடலாமா என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். ஸ்டேப்பிள் அடித்துப் பொருத்திய ரன்னரில் அவை பெரும்பாலும் அலங்காரம்தான், 14 படிக்கு வாங்கினால் நல்ல கார்பெட்டுக்குப் போக வேண்டிய காசு அதில் போய்விடும். நான் வேண்டாம் என்றேன். மனைவிக்கு இன்னும் ஒரு குறை உண்டு.

நீங்களே செய்யலாமா? நேரான படி, மின்சார ஸ்டேப்பிளர், முழங்கால் தாங்கும் பொறுமை இருந்தால் செய்யலாம். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை மட்டும் நம்பி ரன்னரை ஒட்டாதீர்கள். கொஞ்ச நாளில் பிடி விடும், கழற்றும்போது வார்னிஷும் சேர்ந்து உரியும், அதற்குள் யாராவது விழுந்திருப்பார்கள். கையில் இப்போது காசு இல்லை என்றால் படிக்கு ஒன்றாக ஒட்டும் சின்னப் பாய்கள் விற்கிறார்கள், அதைப் போட்டுவிட்டு ரன்னருக்குச் சேமிக்கலாம்.

பொருத்துபவர் வண்டி எடுப்பதற்கு முன்

எங்களுக்கு வேலை அரை நாளில் முடிந்தது. காசைக் கொடுப்பதற்கு முன் சொக்ஸோடு மேலிருந்து கீழே ஒருமுறை இறங்குங்கள், ஒவ்வொரு மூக்கிலும் பாதத்தை முன்னே தள்ளிப் பாருங்கள். எங்கேயாவது கார்பெட் அசைந்தால் அந்த இடத்தில் ஸ்டேப்பிள் போதாது. எங்களுக்கு ஒன்பதாவது படி அசைந்தது, ஐந்து நிமிடத்தில் சரிபண்ணித் தந்தார். அவர் போன பிறகு கண்டுபிடித்திருந்தால் ஐந்து வாரம் ஆகியிருக்கும். அப்புறம் கீழே நின்று மேலே பாருங்கள், இரண்டு பக்கத்து மரக்கோடும் ஒரே அகலமாக நேராக ஏற வேண்டும். உள்ளங்கையால் தடவி, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ஸ்டேப்பிள் இருக்கிறதா என்றும் பாருங்கள், வீட்டில் எல்லோரும் வெறுங்காலோடு நடப்பவர்கள்.

வெட்டில் மிஞ்சிய துண்டைக் குப்பையோடு எடுத்துப் போக விடாதீர்கள். என்றைக்காவது இஸ்திரிப்பெட்டி விழுந்து ஒரு படி கருகினால் அந்த ஒரு படிக்கு மட்டும் மாற்றலாம். எங்களுடையது பேஸ்மென்டில் சூடாக்கிக்குப் பக்கத்தில் சுருட்டிக் கிடக்கிறது, பின்பக்கத்தில் சோக்கட்டி அம்புக்குறியோடு.